நண்பர்களின் கல்யாணம் ஒரு பக்கம், ஊர் மாறும் வேலை மறுபக்கம்: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இருபத்தைந்தைத் தாண்டினால் ஒரு காலம் வரும். வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்து விழும். அதே சமயத்தில் துபாயிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வேலை உத்தரவும் வரும். "லேய் மக்கா, எனக்க கல்யாணம் கழிஞ்சிட்டு போனா போதும்" என்று ஒருவன் சொல்லுவான். அவனுக்குச் சரி என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவன் பத்திரிகையோடு வாசலில் நிற்பான். வீட்டிலோ விசா என்ன ஆச்சு, பெட்டி வாங்கியாச்சா என்று தினமும் கேள்வி.

எங்கள் மாவட்டத்தில் இது புதிதல்ல. கடலோரத்தில் கப்பலும் வளைகுடாவும், மேற்கே நர்சிங் படித்துவிட்டு வெளிநாடு, நாகர்கோவில் பக்கம் ஐ.டி. வேலைக்குச் சென்னை, பெங்களூர் என்று வீட்டுக்கு ஒருவராவது வெளியே போகிற ஊர் இது. போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். கல்யாணம் கல்யாணம் என்று சுற்றிக் கடைசி வாரத்தில் சான்றிதழுக்கு அலைகிறார்கள். இல்லையென்றால் காகித வேலையைக் காரணம் காட்டி, தாலி கட்டும் நேரத்துக்குத் தலையைக் காட்டிவிட்டுச் சாப்பிடாமல் ஓடுகிறார்கள். இரண்டும் வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான்: தனியாக வழியனுப்பு விருந்து எதுவும் வைக்காதீர்கள். கிளம்புவதற்கு முந்தைய மாதங்களில் வரும் கல்யாணங்களையே ஊரோடு சொல்லிக்கொள்ளும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் மேடையில் நின்று அல்ல, ஆக்குப்புரையில் (சமையல் பந்தலில்) வேலை செய்து. அதற்கு முன்னேற்பாடு வேண்டும். அதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் காலண்டர்

போனில் குறித்தால் போதாது. சுவரில் மாட்டும் தினசரி அல்லது மாதக் காலண்டர் ஒன்றை எடுத்து, பேனாவால் குறியுங்கள். தமிழ் மாதம், பண்டிகை, முகூர்த்தம், ஞாயிறு எல்லாம் அதில் ஒரே இடத்தில் இருக்கும்.

இந்துக் குடும்பங்களில் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். அதனால் தை, வைகாசி, ஆவணி மாதங்களில் கூட்டம் சேரும். ஆடி முடிந்ததும் ஆகஸ்ட் நடுவில் ஆரம்பித்து செப்டம்பர் நடு வரைக்கும் மண்டபம் கிடைக்காது, தவசிப்பிள்ளையும் (கல்யாணச் சமையல்காரர்) கிடைக்கமாட்டார். கத்தோலிக்க ஆலயங்களில் தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே ஈஸ்டர் முடிந்ததும் ஏப்ரல், மே மாதங்களில் வரிசை கட்டும். கிறிஸ்துமஸ் கழிந்ததும் இன்னொரு அலை. ரமலான் மாதத்தில் நிக்காஹ் வைப்பது அரிது. எல்லா மதத்திலும் நண்பர்கள் இருக்கிற ஒருவருக்கு (எங்கள் மாவட்டத்தில் யாருக்குத்தான் இல்லை) வருஷத்தில் காலியாக இருக்கும் மாதங்கள் மிகக் குறைவு.

தேதி முடிவாகாத கல்யாணங்களையும் பென்சிலில் குறித்து வையுங்கள். ஆலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் கல்யாணம் சில வாரங்களில் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நிச்சயதாம்பூலம் கழிந்தும் தேதி சொல்லாத நண்பனிடம் நேராகவே கேளுங்கள்: "நான் இன்ன மாசம் போறேன், ஒனக்க கல்யாணம் எப்பம்?" இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மண்டபம் இன்னும் பிடிக்கவில்லை என்றால் உங்களுக்காக ஒரு வாரம் முன்னே பின்னே தள்ளிப் பார்க்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். நீங்களாக "எனக்காகத் தேதியை மாற்று" என்று மட்டும் கேட்காதீர்கள்.

பிறகு வேலையில் சேரும் தேதி. வேலை உத்தரவை ஒப்புக்கொள்ளும்போதே தேதியைப் பேசிவிட வேண்டும்; கையெழுத்துப் போட்ட பிறகு பேசுவது கஷ்டம். "நெருங்கிய நண்பர்களின் கல்யாணம்" என்று சொன்னால் சில இடங்களில் எடுபடும், பல இடங்களில் எடுபடாது. நோட்டீஸ் காலம், சான்றிதழ் முத்திரை வேலைகள் என்று உண்மையான காரணங்கள் உங்களிடம் இருக்கும். அவற்றைச் சொல்லி இரண்டு மூன்று வாரம் கேளுங்கள்.

2. எந்தக் கல்யாணத்துக்கு, எந்த நாளுக்கு

எல்லாக் கல்யாணத்துக்கும் எல்லா நாளும் போக முடியாது. நிச்சயம், முந்தின நாள் ராத்திரி, முகூர்த்தம் அல்லது ஆலயத் திருப்பலி, வரவேற்பு, மறுவீடு என்று ஒவ்வொன்றுக்கும் நாலைந்து நாட்கள் இருக்கின்றன. ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால் முந்தின நாள் ராத்திரிக்குப் போங்கள். கல்யாண நாளில் மாப்பிள்ளையோடு உங்களால் இரண்டு வார்த்தை பேச முடியாது. மேடையில் வரிசையில் நின்று, கை கொடுத்து, போட்டோக்காரர் "சார் இந்தப் பக்கம்" என்று சொல்ல, இறங்கிவிடுவீர்கள். முந்தின ராத்திரி அவன் பனியனோடு பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். பேச வேண்டியதை அப்போது பேசலாம்.

தோழிகளின் கல்யாணத்தில் நிலைமை வேறு. மணப்பெண்ணை முந்தின ராத்திரி அத்தைமாரும் மயினிமாரும் சூழ்ந்திருப்பார்கள். பெண் நண்பர்களுக்கு உள்ளே இடம் உண்டு. ஆண் நண்பர்கள் வாசலில் நின்று "என்ன உதவி வேணும் அண்ணாச்சி" என்று அவளது அப்பாவிடம் கேட்டு, ஒரு வேலையை வாங்கிச் செய்தால் அதுவே மரியாதை.

ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வந்தால் தூரத்தைப் பாருங்கள். மாவட்டம் சிறியது என்று நம்பி ஏமாறாதீர்கள். காலை முகூர்த்தம் சுசீந்திரத்தில், பதினொரு மணிக்கு மார்த்தாண்டத்தில் ஆலயத் திருமணம் என்றால், காகிதத்தில் முடியும். சாலையில் தக்கலையைக் கடக்கும்போது தெரியும். முகூர்த்த நாளில் ஊரே வண்டியில் இருக்கும். இரண்டும் நெருங்கியவர்களின் கல்யாணம் என்றால் ஒன்றுக்கு முந்தின ராத்திரி, மற்றதற்குக் கல்யாண நாள் என்று பிரித்துக்கொண்டு, இருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

3. காகித வேலை: கல்யாண சீசனுக்கு முன்பே

இந்தப் பகுதிதான் அலுப்பானது. ஆனால் இதை முடித்தால்தான் மற்றவை நடக்கும். ஆவணியில் கல்யாணங்கள் என்றால் ஆடி உங்களுக்குக் கிடைத்த மாதம். அலுவலகம் ஏறி இறங்கும் வேலைகளை எல்லாம் அதில் முடியுங்கள்.

பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். முடிவதற்கு ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான் பல நாடுகளின் விதி. ஒரு வருஷத்துக்குள் முடிகிறது என்றால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வரும் நாளில் நீங்கள் எங்கோ பந்தலில் நிற்கக்கூடாது. விண்ணப்பத்தில் கொடுத்த போன் எண்ணை அணைத்து வைக்காதீர்கள்.

வெளிநாடு என்றால் சான்றிதழ் முத்திரை. எல்லா நாட்டுக்கும் ஒரே முறை கிடையாது. 2005 முதல் இந்தியா அப்போஸ்டில் (உறுப்பு நாடுகளுக்குள் ஒரே முத்திரையை ஏற்கும் முறை) ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஓமன், பஹ்ரைன், 2022 இறுதியிலிருந்து சவூதி, ஐரோப்பாவின் பல நாடுகள் இவற்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் போதும். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் என்றால் அமைச்சக முத்திரைக்குப் பிறகு அந்தந்தத் தூதரக முத்திரையும் தேவை. அதற்கு வாரக்கணக்கில் பிடிக்கும். அசல் பட்டச் சான்றிதழ் அந்த நேரமெல்லாம் உங்கள் கையில் இருக்காது. அதனால் அனுப்புவதற்கு முன் நல்ல ஸ்கேன் எடுத்து வையுங்கள். வளைகுடாவுக்கான மருத்துவப் பரிசோதனையையும் காவல்துறை நற்சான்றையும் மட்டும் அவசரப்பட்டு முன்கூட்டியே எடுக்காதீர்கள். இரண்டுக்கும் செல்லுபடியாகும் காலம் உண்டு. விசா நடைமுறை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து எடுங்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வளைகுடா உள்ளிட்ட குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் முன் அனுமதி வேண்டும். ஏஜென்ட் மூலம் போகிறவர்கள் அரசின் இ-மைகிரேட் தளத்தில் அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். லட்சக்கணக்கில் கேட்கிறவர் எந்த உறவினர் வழியாக வந்திருந்தாலும் விலகிவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது. அதையும் ஒரு பார்வை பார்க்கலாம். கல்யாண வீட்டில் வைத்து "எனக்கு ஒரு ஆளைத் தெரியும்" என்று ஆரம்பிக்கும் பேச்சுகளில் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

உள்ளூர்க் காகிதங்களில் முக்கியமானது வங்கி. வெளிநாட்டில் வசிப்பவர் ஆகிவிட்டால் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான ரூபாய்க் கணக்கு) மாற்ற வேண்டும். போன் எண் எல்லாவற்றுக்கும் சாவி: ஆதார், வங்கி, பி.எஃப். எல்லாம் அதோடு இணைந்திருக்கும். ஓ.டி.பி. வராமல் போனால் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. எனவே எண்ணைக் குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றி, உயிரோடு வையுங்கள். நிலம், வீடு சம்பந்தமாக ஏதாவது வரவிருக்கிறது என்றால் நம்பிக்கையான ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டுப் போவது, அங்கே போய்த் தூதரகத்தில் வரிசையில் நிற்பதைவிட எளிது.

4. நண்பருக்குச் செய்யும் ஒரு காகித உதவி

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமாக இருந்தாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அது தவறினால் இன்னும் 60 நாள் வரை கூடுதல் கட்டணத்தோடு செய்யலாம். ஆலயப் பதிவேட்டிலோ ஜமாத் பதிவேட்டிலோ இருக்கிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு மனைவிக்கு விசா எடுக்கப் போகும்போதுதான் ஓட்டம்.

பதிவுக்குச் சாட்சிகள் அடையாள அட்டையோடு வர வேண்டும். கல்யாணம் முடிந்த பத்து நாளில் நீங்கள் பறந்துவிடுவீர்கள் என்றால், அந்தப் பத்து நாளுக்குள் ஒரு வேலை நாளைக் குறித்து, "வா, நான் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன்" என்று நீங்களே இழுத்துக்கொண்டு போங்கள். மிக்ஸி வாங்கிக் கொடுப்பதைவிட இது பெரிய பரிசு.

நண்பர்கள் வேறு வேறு மதத்தவர், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்கிறார்கள் என்றால் கணக்கு வேறு. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முந்தைய 30 நாள் வசித்திருக்க வேண்டும். மூன்று சாட்சிகள் வேண்டும். மணமக்களில் ஒருவரும் வெளிநாடு போகிறவர் என்றால் இந்த நாட்களை எண்ணித்தான் டிக்கெட் போட வேண்டும். நீங்கள் அந்த மூவரில் ஒருவர் என்றால் உங்கள் டிக்கெட்டும் அப்படியே.

5. காசு

ஊர் மாறுகிற மாதத்தில் செலவு அதிகம். அதே மாதத்தில் மொய்யும் அதிகம். பெரியவர்கள் சுருள் என்று வைப்பது குடும்பக் கணக்கு. அதை வீட்டில் அப்பா, அம்மா பார்த்துக்கொள்வார்கள். யார் வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு எவ்வளவு வந்தது என்ற நோட்டு அவர்களிடம் இருக்கும். நீங்கள் கவலைப்பட வேண்டியது நண்பர்கள் கணக்கு.

மொத்தமாக ஒரு தொகையை ஒதுக்கி, அதைக் கல்யாணங்களின் எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்தவனுக்கும் போன வருஷம் ஆபீசில் பழகியவனுக்கும் ஒரே கவர் வேண்டியதில்லை. நெருங்கியவர்களுக்கு நாலைந்து பேர் சேர்ந்து உருப்படியாக ஒன்று வாங்குங்கள். என்ன வேண்டும் என்று மாப்பிள்ளையிடமே கேட்டுவிடுங்கள். கேட்காமல் வாங்கினால் அந்த வீட்டில் மூன்று சுவர்க் கடிகாரம் சேரும்.

அதிகம் விரயமாவது ஒரே கலர் சட்டையில். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நண்பர்கள் குழு ஒரு நிறம் முடிவு செய்யும். நீங்கள் 23 கிலோவோ 30 கிலோவோதான் எடுத்துக்கொண்டு போகப் போகிறீர்கள். அதில் மயில் நீலச் சட்டை மூன்று வேண்டாம். வெள்ளைச் சட்டை, வேட்டி என்று குழுவில் முதலில் எழுதிவிடுங்கள். எல்லோரிடமும் இருக்கிறது, யாரும் எதிர்க்கமாட்டார்கள்.

வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் இன்னொன்று யோசிக்கலாம். புதிதாகக் குடித்தனம் தொடங்குகிற நண்பனுக்குக் கட்டில், வாஷிங் மெஷின், கேஸ் அடுப்பு எல்லாம் தேவைப்படும். கொடுங்கள், ஆனால் கல்யாணப் பரிசு என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அது தனி, இது தனி. பழைய பொருளைப் பரிசாகக் கொடுத்தான் என்று பெண் வீட்டில் ஒரு பேச்சு வரக்கூடாது.

6. முந்தின நாள் ராத்திரி: எப்படி வேலை செய்வது

இப்போது பல கல்யாணங்களில் எல்லாம் ஒப்பந்தம்தான். மண்டபத்தில் போய் உட்கார்ந்தால் இலை வந்துவிடும். ஆனால் நாஞ்சில் நாட்டு ஊர்களில் வீட்டுப் பந்தலில் நடக்கும் கல்யாணங்களில் இன்னும் காய்கறி வெட்டு இருக்கிறது. உங்களுக்கு அந்த வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்குள் போய்விடுங்கள். தார்ப்பாய் விரித்து நடுவில் காய் குவிந்திருக்கும். உட்காரும் முன் தவசிப்பிள்ளையிடம் எது எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவியலுக்கு வெட்டுவது விரல் நீளத்துக்கு, ஒரே அளவில் மெலிதாக இருக்க வேண்டும்; சேனை, வாழைக்காய், புடலங்காய், வெள்ளரிக்காய், முருங்கைக்காய், மாங்காய் எல்லாம் ஒன்றாக வேகவேண்டியவை. ஒருவன் தடியாகவும் இன்னொருவன் பொடியாகவும் வெட்டினால் ஒன்று குழைந்து மற்றது வேகாமல் கிடக்கும். சாம்பாருக்கு வெட்டுவது பெரியது. தடியங்காய் (வெண்பூசணி) சதுரமாக வரலாம். துவட்டலுக்கு (பொரியல்) பொடியாக. தெரியாமல் சாம்பார் அளவில் அவியல் காயை வெட்டி வைத்தால் அந்தத் தவசிப்பிள்ளை அடுத்த கல்யாணம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்.

சேனையை வெட்டுமுன் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ராத்திரி முழுக்கச் சொறிய வேண்டியதுதான். வாழைக்காயைத் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். ஒன்றுமே தெரியாது என்றால் தேங்காய் உடைக்கவோ துருவவோ போய்விடுங்கள். எத்தனை பேர் இருந்தாலும் அங்கே ஆள் போதாது. அவியல், எரிசேரி, புளிசேரி எல்லாமே தேங்காயில்தான் நிற்கின்றன.

பேச்சு எல்லாம் அங்கேதான் நடக்கும். யார் எங்கே வேலையில் இருக்கிறார்கள், யாருக்குக் கடன், யாருக்குக் குழந்தை, யார் யாரோடு பேசுவதில்லை என்று எல்லாம் வரும். நீங்கள் போகிற செய்தியைச் சொல்லவும் அதுதான் இடம். கத்தியும் கையுமாக உட்கார்ந்து "அடுத்த மாசம் போறேன் மக்கா" என்று சொன்னால் யாரும் கண்கலங்கமாட்டார்கள். "அங்க போய் மரச்சீனி கெடைக்குமால?" என்று கிண்டல்தான் வரும் (மரச்சீனி என்றால் மரவள்ளிக்கிழங்கு).

குடிக்கிற கூட்டம் பின்னால் ஒரு தோப்பில் இருக்கும். போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். விசா நடைமுறையில் இருக்கிறவர் ராத்திரி பைக் ஓட்டி வழக்கு எதிலும் மாட்டிக்கொள்ளாதிருப்பது நல்லது. காவல்துறை நற்சான்று இன்னும் வாங்கவேண்டியிருக்கிறது.

மழையையும் கணக்கில் வையுங்கள். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. பந்தலில் தண்ணீர் தேங்கினால் கம்பால் தூக்கிக் கொட்ட இரண்டு பேர் எப்போதும் வேண்டும்.

பூ வாங்கும் வேலை கிடைத்தால் தோவாளைச் சந்தைக்கு விடியுமுன் போக வேண்டும். ஓணத்தை ஒட்டிய நாட்களில் கேரளத்துக்குப் பூ போவதால் பிச்சிப்பூவும் கேந்தியும் விலை ஏறிக் கிடக்கும். ஆவணிக் கல்யாணம் என்றால் மாலைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவது உத்தமம்.

7. கல்யாண நாளில்

பரிமாறப் போங்கள். இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். உப்பேரி, இஞ்சிக்கறி, துவட்டல், அவியல் எல்லாம் மேல் பாதியில். சோறு விழுந்ததும் பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார். அதற்கப்புறம் புளிசேரி, ரசம், பாயசம், மோர் வரும் வரிசை ஊருக்கு ஊர் மாறும். மேற்கே போனால் வேறு மாதிரி. நடத்துகிறவரிடம் கேட்டுவிட்டு வாளியைத் தூக்குங்கள். பாயசம் வரும்போது இலையில் பப்படமும் பழமும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து ஊற்றுங்கள். இல்லையென்றால் முதலில் அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிரியாணிக் கல்யாணம் என்றால் வேலை எளிது, பந்தி சீக்கிரம் நகரும்.

நீங்கள் ஊரைவிட்டுப் போவதை அன்றைக்குப் பெரிதாக்காதீர்கள். மேடையில் மைக் பிடித்து "இன்னும் பத்து நாளில் கனடா போகும் நம் நண்பன்" என்று ஒருவன் ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள். நண்பர்கள் அடிக்கும் பிளெக்ஸ் பேனரில் உங்கள் படத்தை விமானத்தோடு போட வேண்டாம். பேனரே வைப்பதாக இருந்தால் மண்டப வளாகத்துக்குள் வையுங்கள். அனுமதியில்லாமல் சாலையோரம் கட்டினால் வழக்கு மாப்பிள்ளை வீட்டார் தலையில்தான் விழும்.

"நீ எப்பம் போற, சம்பளம் எவ்வளவு, ஒனக்க கல்யாணம் எப்பம்" என்று மூன்று கேள்விகளை ஐம்பது பேர் கேட்பார்கள். முதலாவதற்கு மாதத்தைச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு "கொள்ளாம், பரவாயில்லை." மூன்றாவதற்குச் சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுங்கள், பரிமாறுவதில் இப்படி ஒரு வசதியும் இருக்கிறது.

8. விருந்துக்கு அழைப்பது

தனி வழியனுப்பு வேண்டாம் என்று மேலே சொன்னேன். அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். கல்யாணம் முடிந்து மறுவீடு கழிந்ததும் புதுமணத் தம்பதியை உறவினர் வீடுகளில் விருந்துக்கு அழைப்பது நம் வழக்கம். அந்த வரிசையில் உங்கள் வீட்டையும் சேருங்கள். நண்பனையும் மனைவியையும் ஒரு மதியம் அழைத்து, நெருங்கிய இரண்டு மூன்று நண்பர்களையும் கூப்பிட்டால் விருந்தும் ஆயிற்று, சொல்லிக்கொண்டதும் ஆயிற்று.

இதில் இன்னொரு லாபம் உண்டு. நண்பனின் மனைவிக்கு உங்களை ஒரு மனிதராகத் தெரிந்துவிடும். பின்னால் இரவு பத்து மணிக்கு நீங்கள் வெளிநாட்டிலிருந்து கூப்பிடும்போது "யாரது இந்நேரத்தில்" என்ற கேள்வி வராது. அம்மாவிடம் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். சாப்பாடு பெரிதாக வேண்டாம். மீன் குழம்பும் மரச்சீனிக்கிழங்கும் வைத்தால் எந்தப் புது மாப்பிள்ளையும் சந்தோஷப்படுவான், வாரக்கணக்காக விருந்துக் கோழியே தின்று அலுத்திருப்பான்.

நண்பர்களின் அப்பா அம்மாக்களை வீட்டில் போய்ப் பாருங்கள். கல்யாண வீட்டில் பார்த்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அன்று அவர்கள் நிலையில் இல்லை.

9. பெட்டி

முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, நேந்திரங்காய் உப்பேரி, மிளகு, கிராம்பு, கருவாடு என்று எல்லா வீட்டிலிருந்தும் ஒரு பொட்டலம் வரும். கல்யாண வீட்டுப் பலகாரமும் சேரும். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள்.

கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் வைக்கக்கூடாது. அதில் எண்ணெய் அதிகம், தீப்பிடிக்கக்கூடியது என்று விமானப் பாதுகாப்பு விதிகளில் தடுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் ஊர்ப் பெட்டிகளில் அதிகம் மாட்டுவது இதுதான். கசகசா அமீரகத்திலும் சவூதியிலும் சட்டவிரோதம். மசாலாப் பொடியில் அரைத்துக் கலந்திருந்தாலும் கொண்டுபோகாதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் எந்த உணவுப் பொருளையும் இறங்கும் அட்டையில் எழுதிக் காட்டிவிடுங்கள், மறைத்தால் அபராதம். மார்த்தாண்டம் தேன் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். பவர் பேங்க் நேர்மாறு, அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

மருந்து எடுப்பவர்கள் மருத்துவர் சீட்டோடு எடுங்கள். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மாத்திரைகள் வளைகுடாவில் கட்டுப்படுத்தப்பட்டவை.

பார்சல் விஷயம். "எனக்க மச்சான் அங்கதான் இருக்கான், ஒரு சின்னப் பொட்டலம்" என்று கல்யாண வீட்டில் அறிமுகமானவர் கொண்டுவருவார். எங்கள் ஊரில் முடியாது என்று சொல்வது கஷ்டம், தெரியும். திறந்து காட்டச் சொல்லி, நீங்களே பிரித்து, நீங்களே கட்டுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரின் பொட்டலத்தை வாங்க வேண்டாம். சுங்கத்தில் கேட்டால் அது உங்கள் பெட்டி, மச்சானின் பெட்டி அல்ல.

10. கிளம்பும் நாள்

நமக்குப் பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான், ஆனால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொன்றிலும் நிற்க வேண்டியிருக்கும். முகூர்த்த நாளில் விமானம் என்றால் கூடுதலாக ஒரு மணி நேரம் வையுங்கள். அன்று காலையில் ஒரு கல்யாணத்துக்குத் தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்ற யோசனை வந்தால், வழியில் இருக்கும் மண்டபமாக இருந்தாலும் வேண்டாம். பந்தியில் உட்கார வைத்துவிடுவார்கள்.

ரயிலில் போகிறவர்களுக்கு: 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், அனந்தபுரி, வந்தே பாரத். பெங்களூருக்கு ஐலண்ட் எக்ஸ்பிரஸ். பண்டிகையும் முகூர்த்தமும் சேர்ந்த வாரங்களில் திறந்த அன்றே எடுத்தால்தான் உண்டு. பைக்கை ரயிலில் அனுப்புவதாக இருந்தால் ஆர்.சி. நகல், அடையாள அட்டை எடுத்துக்கொண்டு, டேங்கில் பெட்ரோல் இல்லாமல் காலி செய்து கொண்டுபோங்கள்.

வழியனுப்ப வேனில் ஊரே வருவதைக் குறையுங்கள். வீட்டாரும் ஒரு நண்பனும் போதும். அந்த ஒரு நண்பன் புதிதாகக் கல்யாணம் ஆனவனாக இருக்க வேண்டாம்.

11. போன பிறகு வரும் கல்யாணங்கள்

பென்சிலில் குறித்த சில கல்யாணங்கள் நீங்கள் போன பிறகுதான் நடக்கும். அவற்றுக்கு இப்போதே ஏற்பாடு செய்யலாம். மொய்க் கவரை அப்பாவிடமோ ஒரு நண்பனிடமோ பெயர் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஜிபே அனுப்புவதைவிட, உங்கள் பெயர் எழுதிய கவர் அந்த வீட்டுக் கையில் போவதற்கு மதிப்பு அதிகம். பத்திரிகை இன்னும் அடிக்காதவன் வீட்டுக்கும் கிளம்புமுன் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள்.

கல்யாண நாளில் வீடியோ கால் போடாதீர்கள். எடுக்க ஆள் இருக்காது. எடுத்தாலும் நாதஸ்வரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. முந்தின ராத்திரி காய்கறி வெட்டும் நேரத்தில் கூப்பிடுங்கள். போனைத் தேங்காய்க் குவியல் மேல் சாய்த்து வைத்தால் எல்லோரையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஊரில் ராத்திரி ஒன்பது மணி என்றால் துபாயில் ஏழரை, சவூதியிலும் கத்தாரிலும் ஆறரை, சிங்கப்பூரில் பதினொன்றரை. ஜெர்மனியில் கோடையில் மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் நாலரை. வேலையிலிருந்து இறங்கும் நேரம்தான்.

வருஷ விடுமுறையை எந்த மாதம் எடுப்பது என்று முதல் வருஷமே அங்கே பேசிவிடுங்கள். ஆவணிக்கு வர வேண்டும் என்றால் ஜூனில் கேட்டால் கிடைக்காது. ஓணத்துக்காக மலையாளிகள் முன்பே கேட்டு வாங்கியிருப்பார்கள்.